ஆண் சிங்கக் கூட்டணிகளைப் பின்தொடர்வது: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டில் வாழும் ஆண் சிங்கங்களை ஒன்றொன்றாக அடையாளம் கண்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறிப்பு எழுதிவைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு வீவக வீட்டில் இருந்துகொண்டு நானும் அதைச் செய்கிறேன். நண்பர்களும் உறவினர்களும் கூட வேலை செய்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளும். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கூட்டணி என்றால் என்ன? சிங்கம் குடும்பமாகத்தானே வாழும்?

குடும்பம் பெண்களுடையது. பாட்டி, மகள்கள், பேத்திகள், சித்திகள் என்று ஒரே இரத்தவழிப் பெண்கள் ஒரே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பார்கள். ஆண்கள் அங்கே வந்து போகிறவர்கள். இரண்டு, மூன்று வயதில் இளம் ஆண்கள் பிறந்த குடும்பத்தை விட்டுத் துரத்தப்படுகிறார்கள். அண்ணன் தம்பியும் ஒன்றுவிட்ட சகோதரர்களும் சேர்ந்தே வெளியேறி, சொந்த நிலம் இல்லாமல் ஓரிரு ஆண்டுகள் அலைகிறார்கள். உடம்பு முற்றி, பிடரி வளர்ந்து, நான்கு ஐந்து வயதாகும்போது ஏற்கெனவே ஓர் ஆண் கூட்டம் காத்துவரும் இடத்தில் நுழைந்து சண்டையிட்டுப் பிடிக்கிறார்கள். இப்படி ஒன்றாகவே அலைந்து, ஒன்றாகவே நிலம் காக்கும் ஆண்களைத்தான் கூட்டணி என்கிறோம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பேர். ஆறு, ஏழு பேர் சேர்ந்ததும் உண்டு.

எல்லாரும் சகோதரர்களா என்றால், இல்லை. தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்க ஆய்வாளர் கிரெய்க் பாக்கரும் அவருடைய குழுவினரும் மரபணுச் சோதனை செய்து 1991இல் வெளியிட்ட முடிவு இது: பெரிய கூட்டணிகளில் இருப்பவர்கள் எப்போதும் உறவினர்கள், இரண்டு, மூன்று பேர் கொண்ட சிறிய கூட்டணிகளில் உறவே இல்லாதவர்களும் சேர்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. பெரிய கூட்டணியில் எல்லாருக்கும் சமமாகக் குட்டிகள் பிறப்பதில்லை. சிலர் கிட்டத்தட்ட வாரிசே இல்லாமல் போவார்கள். அண்ணனுடைய குட்டியிலாவது தன் இரத்தம் இருக்கிறது என்றால் அந்த இழப்பைத் தாங்கலாம், அந்நியனுக்காக யார் தாங்குவார்? இரண்டு பேர் மட்டுமே இருக்கும்போது பங்கு ஏறக்குறைய சமம், அதனால் அந்நியனோடும் சேரலாம். தனி ஆளாக ஒரு நிலத்தைக் காப்பதோ மிகக் கடினம்.

ஏன் ஆண்களைத் தொடர வேண்டும்? வேட்டையாடுவது பெண்கள்தானே?

ஆண்களும் வேட்டையாடுவார்கள், அதிலும் எருமை போன்ற பெரிய இரை என்றால் அவர்களுடைய எடை கை கொடுக்கும். ஆனால் நான் ஆண்களைத் தொடர்வதற்குக் காரணம் வேட்டை இல்லை, குட்டிகள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சிங்கத்தின் கர்ப்பகாலம் சுமார் 110 நாள். பிறந்த குட்டி தன்னால் பிழைக்கக்கூடிய நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ஆக, ஒரு கூட்டணி ஓர் இடத்தைப் பிடித்த நாளிலிருந்து இரண்டேகால் ஆண்டாவது நின்றால்தான் அதன் முதல் தலைமுறைக் குட்டிகள் கரையேறும். பல கூட்டணிகளின் ஆட்சிக்காலமோ மொத்தமே இரண்டு மூன்று ஆண்டு. அதற்குள் இன்னொரு கூட்டணி வந்து தோற்கடித்தால், புதிதாக வந்தவர்கள் அங்கிருக்கும் சிறு குட்டிகளைக் கொல்கிறார்கள். குட்டி இருக்கும்வரை தாய் அடுத்த சூலுக்குத் தயாராவதில்லை. குட்டியை இழந்தால் விரைவிலேயே தயாராகிவிடுகிறாள். வந்தவர்களுக்கும் தங்கள் இரண்டேகால் ஆண்டைத் தொடங்க அவசரம். செரெங்கெட்டியில் குட்டிச் சாவுகளில் ஏறக்குறைய கால் பங்குக்கு இதுதான் காரணம்.

படிக்கவே மனம் கனக்கும் விஷயம். என் அக்காள் மகள் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிங்கப் படமே பார்க்க மாட்டேன் என்றாள். ஆனால் இதைப் புரிந்துகொண்ட பிறகு, மரத்தடியில் படுத்து உறங்கும் ஆண் சிங்கத்தைச் சோம்பேறி என்று சொல்ல வாய் வராது. அது அங்கே இருப்பதே அந்தக் குட்டிகளுக்குக் காப்பு. ஆகவே ஒரு கூட்டணியின் வெற்றியை அது கொன்ற எதிரிகளின் எண்ணிக்கையில் அளப்பதை நான் ஏற்பதில்லை. இரண்டு வயதைத் தாண்டிய குட்டிகளின் எண்ணிக்கையில்தான் அளக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே அந்த ஒரு கணக்கைச் சரியாக எழுதுவதற்கான வழிகள்.

எல்லாச் சிங்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவே. எப்படி அடையாளம் காண்பது?

மீசைப் புள்ளிகளைப் பாருங்கள். மேலுதட்டின் இரு பக்கமும் மீசை முளைக்கும் இடங்களில் கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். மேலே உள்ள ஒரு வரிசையில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சில புள்ளிகளே இருக்கும். அதற்குக் கீழே உள்ள முழு வரிசையில் எந்தப் புள்ளிக்கு நேராக அவை நிற்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பு பிறப்பு முதல் இறப்பு வரை மாறாது. பென்னிகுயிக், ருட்நாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் முறைப்படுத்திய வழி இது. இன்றும் களத்தில் இதுதான் அடிப்படை. இடக் கன்னமும் வலக் கன்னமும் வேறுவேறாக இருக்கும், இரண்டு பக்கமும் படம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் அதையும் எழுதிவையுங்கள்: ‘இடம் மட்டும்’.

அடுத்து காது மடலில் உள்ள கிழிசல், வெட்டு. பிறகு உடைந்த கோரைப்பல், கண் காயம், வாலில் குஞ்சம் இல்லாமை. தழும்புகள் உதவும், ஆனால் சிறு கீறல்கள் சில மாதங்களில் மறைந்துவிடும்.

பிடரியை மட்டும் நம்பாதீர்கள். புதியவர்கள் எல்லாரும் முதலில் பிடரியைத்தான் பார்க்கிறார்கள். அது வயதோடு கருக்கும், நோயிலும் காயத்திலும் உதிரும், மழையில் நனைந்தால் வேறு சிங்கமாகவே தெரியும். பிடரி சொல்வது வேறு செய்தி. பெய்ட்டன் வெஸ்டும் பாக்கரும் செரெங்கெட்டியில் ஆளுயரப் பொம்மைச் சிங்கங்களுக்கு விதவிதமான பிடரி மாட்டி நிறுத்திப் பார்த்தார்கள். பெண்கள் கரும்பிடரிப் பொம்மையை நாடினார்கள், ஆண்கள் நீண்ட பிடரி உள்ளதை விட்டு விலகி மற்றதை அணுகினார்கள். 2002இல் வந்த ஆய்வு அது. உடல்நலம் எப்படி, சண்டையிடும் வலு எவ்வளவு என்பதைப் பிடரி தூரத்திலிருந்தே காட்டிவிடுகிறது. ஆள் அடையாளத்துக்கு மீசைப் புள்ளி, உடல் நிலைக்குப் பிடரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கு மூக்கு. இளம் சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பு. வயது ஏற ஏறக் கரும்புள்ளிகள் பரவும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பாதிக்கு மேல் கருத்திருந்தால் ஐந்து வயதைத் தாண்டியிருக்கும் என்று கணிக்கிறார்கள். இடத்துக்கு இடம் இந்த வேகம் மாறும், அதனால் இந்தியாவின் கிர் காட்டுச் சிங்கத்துக்குச் செரெங்கெட்டி அளவை அப்படியே போட வேண்டாம்.

அவற்றின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்?

கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை கிடையாது. ஆண்கள் இரவில் பத்து, பதினைந்து கிலோமீட்டர்கூட நடந்து புதர்களில் சிறுநீர் பீய்ச்சுவார்கள், பின்னங்காலால் மண்ணைப் பிறாண்டுவார்கள், மரத்தில் தலையைத் தேய்ப்பார்கள், கர்ஜிப்பார்கள். தொடர்ந்து போகாத பக்கம் மெல்ல மெல்லக் கையைவிட்டுப் போகும்.

ஆய்வாளர்கள் இதை இரண்டு விதமாக வரைபடமாக்குகிறார்கள். ஒன்று, பார்த்த இடங்களை எல்லாம் புள்ளியாக வைத்து, வெளியோரப் புள்ளிகளை இணைத்து ஒரு பலகோணம் போடுவது. எளிது, ஆனால் ஏமாற்றும். ஒரு சிங்கம் ஒரே ஒரு நாள் தொலைவுக்குப் போய்த் திரும்பியிருந்தால்கூட அந்தப் பக்கம் முழுவதும் அதன் நிலம் என்று படம் சொல்லிவிடும். மற்றொன்று, புள்ளிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று அடர்த்தி பார்ப்பது. அதன் நடமாட்டத்தில் 95 விழுக்காடு அடங்கும் பரப்பை மொத்த நடமாட்டப் பரப்பு என்றும், 50 விழுக்காடு அடங்கும் பரப்பை மையப் பகுதி என்றும் பிரிப்பார்கள். இரண்டு கூட்டணிகளின் வெளிப்பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது சாதாரணம். மையப் பகுதிகள் படிய ஆரம்பித்தால் சண்டை நெருங்குகிறது என்று பொருள்.

எவ்வளவு பெரியது என்பதை இரை தீர்மானிக்கிறது. ஆண்டு முழுவதும் இரை செறிந்திருக்கும் இடத்தில் சில பத்துச் சதுர கிலோமீட்டரிலேயே ஒரு குடும்பம் பிழைக்கும். நமீபியப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் தேவைப்படும். நம்முடைய தீவு சுமார் 735 சதுர கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் காப்பகம் ஏறக்குறைய 650. துவாஸ் முதல் சாங்கி வரை உள்ள நிலத்தைவிடக் கொஞ்சம் சிறிய அந்த இடத்தில்தான் உலகிலேயே அதிகம் பேசப்பட்ட ஆண் சிங்கக் கதைகள் நடந்திருக்கின்றன. க்ரூகருக்கும் அதற்கும் இடையே இருந்த வேலியை 1993இல் எடுத்துவிட்டார்கள், அதனால் புதிய ஆண்கள் கிழக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள்.

சிங்கத்துக்கு இடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டுவது கொடுமை இல்லையா?

மயக்க ஊசி போடும்போது ஆபத்து உண்டு. அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் இல்லாமல் செய்யக்கூடாது, அனுமதி இல்லாமல் செய்யவும் முடியாது. பட்டையின் எடை விலங்கின் உடல் எடையில் மிகச் சிறிய பங்குதான். வளர்ந்த ஆண் 190 கிலோ அளவில் இருக்கும். கூட்டணியில் எல்லாருக்கும் மாட்டுவதில்லை, ஒருவருக்கு இருந்தாலே மற்றவர்கள் எங்கே என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். மின்கலம் தீர்ந்தால் மாற்றவோ கழற்றவோ வேண்டும். இதில் அலட்சியம் காட்டும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

பட்டையால் கிடைத்த அறிவுக்கு ஈடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் சீசல் என்ற 13 வயது ஆண் சிங்கத்துக்கு ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழு ஜிபிஎஸ் பட்டை மாட்டியிருந்தது. 2015 ஜூலையில் ஓர் அமெரிக்க வேட்டைக்காரர் பூங்காவுக்கு வெளியே அதைக் கொன்றார். உலகம் முழுக்கச் செய்தியானது. அதன் கூட்டாளி ஜெரிக்கோவைப் பற்றிப் பலரும் பேசவில்லை. சீசலின் குட்டிகளை ஜெரிக்கோ கொன்றுவிடும் என்று பயந்தார்கள். அது கொல்லவில்லை, தொடர்ந்து காத்தது. கூட்டணி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஜெரிக்கோ.

ஜிபிஎஸ் இருக்கும்போது காலடித் தடம் பார்க்கிறவர்கள் எதற்கு?

பட்டை இடத்தைச் சொல்லும். என்ன நடந்தது என்று சொல்லாது.

சாபி சாண்டில் ஷாங்கான் இனத் தடம் பார்ப்பவர்கள் மணலைப் பார்த்தே ஆணா பெண்ணா, எத்தனை பேர், நடந்ததா ஓடியதா, பனி விழுவதற்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடுவார்கள். தடத்தின் மேல் பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால் அது இரவிலேயே பதிந்தது. சிங்கத்தின் தடத்தில் நகம் பதியாது, குதிகால் மெத்தையின் பின்புறம் மூன்று மடிப்பு தெரியும். பறவைகளின் எச்சரிக்கைக் குரல், ஒரே திசையில் முறைத்து நிற்கும் ஒட்டகச்சிவிங்கி, இறங்கும் கழுகுகள் எல்லாம் சேர்ந்துதான் அவர்களுக்குச் செய்தி. இந்த மனிதர்களின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் அரிதாகவே வருகின்றன. அது அநியாயம்.

கென்யாவின் அம்போசெலி பகுதியில் 2007இல் தொடங்கிய ‘லயன் கார்டியன்ஸ்’ திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்பு சிங்கத்தைக் கொன்று வீரம் காட்டிய மாசாய் இளைஞர்களே இப்போது சிங்கங்களுக்குப் பெயர் வைத்து, தடம் பார்த்து, மாடு மேய்ப்பவர்களுக்கு ‘இன்று அந்தப் பக்கம் போகாதே’ என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். தடம் பார்ப்பதால் மாடும் பிழைக்கிறது, சிங்கமும் பிழைக்கிறது.

கர்ஜனையை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

நிறைய. அமைதியான இரவில் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும். நிலம் உள்ள ஆண்களே கர்ஜிப்பார்கள். நிலமில்லாமல் அலையும் ஆண்கள் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் இடம் காட்டிக் கொடுத்தாற்போல் ஆகிவிடும். எனவே ஒரு புதிய பகுதியில் இளம் ஆண்கள் முதன்முறையாகக் கர்ஜிக்கத் தொடங்கினால், ‘இது எங்கள் இடம்’ என்று துணிந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொள்ளலாம். என் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு எப்போதும் சிவப்பு மை.

ஒலிபெருக்கி வைத்துச் செய்த சோதனைகளும் சுவையானவை. அந்நியப் பெண்களின் கர்ஜனை கேட்டபோது, பெண் சிங்கங்கள் எத்தனை குரல் என்று கணக்கிட்டு, தாங்கள் அதிகம் இருந்தால் மட்டும் முன்னேறின. 1994இல் வந்த ஆய்வு இது. ஆண்களிடம் அந்நிய ஆண்களின் கர்ஜனையைப் போட்டபோது, எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அவர்கள் சத்தம் வந்த திசைக்கு நடந்தார்கள்.

ஒவ்வொரு சிங்கத்தின் கர்ஜனையும் தனித்தன்மை உடையது. ஜிம்பாப்வேயில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்திய பட்டைகளை வைத்துச் செய்த ஆய்வில், கணினி சுமார் 91 விழுக்காடு சரியாக ஆளைச் சொன்னது. முடிவு 2020இல் வெளியானது. மயக்க ஊசியே இல்லாமல் ஒலிவாங்கிகளை நட்டுவைத்து எண்ணும் காலம் வரும் என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை.

மபோகோ கூட்டணியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே?

சாபி சாண்டில் 2006 முதல் 2012 வரை கோலோச்சிய ஆறு ஆண்கள். ஐந்து பேர் அங்கேயே ஒரு குடும்பத்தில் பிறந்தவர்கள், மகுலு என்ற மூத்தவன் பிறகு சேர்ந்தவன். சுற்றியிருந்த கூட்டணிகளைத் துரத்தி, குட்டிகளையும் வளர்ந்த சிங்கங்களையும் கொன்று, காப்பகத்தின் பெரும்பகுதியைப் பிடித்தார்கள். எருமை, காண்டாமிருகக் கன்று, நீர்யானை என்று பெரிய இரையையும் வீழ்த்தினார்கள்.

பிறகு கூட்டணி பிரிந்தது. மிஸ்டர் டி, கிங்கி டெய்ல் இருவரும் வடக்கே தனியாகப் போனார்கள். 2010இல் மஜிங்கிலானே என்ற ஐவர் கூட்டணி வந்தது. சண்டையில் கிங்கி டெய்ல் மாண்டது. மிஸ்டர் டி திரும்பித் தன் பழைய கூட்டாளிகளிடம் வந்து சேர்ந்தது, வந்த இடத்தில் தன் சகோதரர்களின் குட்டிகளையே கொன்றது. 2012இல் செலாட்டி கூட்டணியின் கையில் அதுவும் இறந்தது.

அவர்கள் கொன்றதாகச் சொல்லப்படும் சிங்கங்களின் எண்ணிக்கை ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் பொருந்தாது. பிணம் கிடைத்தவை, காணாமல் போனவை, கேள்விப்பட்டவை எல்லாம் ஒரே பட்டியலில் கலந்திருக்கின்றன. இந்த வீரக்கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆறு பேர் பிரிந்த தருணம்தான். ஆறாக இருந்தவரை யாராலும் அசைக்க முடியவில்லை. ஐவரை இருவராக எதிர்கொண்டபோது எல்லாம் முடிந்தது. ஆகவே குறிப்பு எழுதும்போது ‘மபோகோ பார்த்தோம்’ என்று எழுதாதீர்கள். எந்த எந்தச் சிங்கம், யாரோடு யார், எத்தனை மீட்டர் இடைவெளியில் என்று எழுதுங்கள். பிரிவு அங்கேதான் முதலில் தெரியும்.

நம் இந்தியாவின் கிர் சிங்கங்களும் இப்படித்தானா?

கூட்டணி உண்டு, வாழ்க்கை முறை வேறு. குஜராத்தின் கிர் காட்டில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே வாழ்கிறார்கள். இரை சிறியது என்பதால் ஒன்றாக உண்ண வேண்டிய அவசியம் குறைவு. இனச்சேர்க்கைக்கும் சில பெரிய இரைகளுக்கும் மட்டும் கூடுவார்கள். ஸ்டோத்ரா சக்ரவர்த்தி, யாதவேந்திரதேவ் ஜாலா இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டணிக்குள்ளேயே ஒரு மூத்தவன் இருப்பதும், சேர்க்கை வாய்ப்பில் 70 விழுக்காட்டுக்கு மேல் அவனுக்கே போவதும் தெரியவந்தது. அப்படியானால் இளையவன் ஏன் கூடவே இருக்கிறான்? தனியாகப் போனால் அதுவும் கிடைக்காது.

கிர் பெண்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுடைய நிலத்தில் பல கூட்டணிகளின் நடமாட்டம் இருக்கும். ஒரு பெண் அடுத்தடுத்த பல கூட்டணி ஆண்களோடும் சேர்கிறாள். குட்டி யாருடையது என்று எந்த ஆணுக்கும் உறுதியாகத் தெரியாது, ஆகவே கொல்லத் தயங்குகிறார்கள். நான் சொன்ன இரண்டேகால் ஆண்டுக் கணக்கை இப்படி ஒரு தாய் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

2020இல் 674 ஆக இருந்த ஆசியச் சிங்கங்கள் 2025 கணக்கெடுப்பில் 891. மகிழ்ச்சிதான். ஆனால் எல்லாம் ஒரே வட்டாரத்தில். 2018இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி அங்கே சிங்கங்களைக் கொன்றதை மறக்கக் கூடாது. 1994இல் அதே கிருமி செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களை வாரிக்கொண்டு போனது.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு உண்மையாகவே எதாவது செய்ய முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்க நேரம் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால். அங்கே காலை ஆறு மணிக்குக் கிளம்பும் சஃபாரி வண்டியிலிருந்து இணையத்தில் வரும் நேரலையை இங்கே நண்பகல் உணவு இடைவேளையில் பார்க்கலாம். மாலைச் சவாரி நமக்கு இரவு ஒன்பதரை, பத்துக்குத் தொடங்கும். சும்மா பார்க்காமல் தேதி, இடம், நேரம், யார் யார், எந்தப் பக்கக் கன்னம், காயம், கர்ஜனை, குட்டிகள் எத்தனை என்று எழுதினால் ஓராண்டில் உங்களிடம் ஒரு பதிவேடு இருக்கும்.

செரெங்கெட்டியில் 225 தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இணையத்தில் பார்த்து வகைப்படுத்திக் கொடுத்தார்கள். அதுபோன்ற திட்டங்கள் தொடர்ந்து வருகின்றன, உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் சேரலாம்.

கண்ணைப் பழக்க மண்டாய் போங்கள். நைட் சஃபாரியில் ஆசியச் சிங்கங்களும் விலங்குத் தோட்டத்தில் ஆப்பிரிக்கச் சிங்கங்களும் உள்ளன. ஆசியச் சிங்கத்துக்கு வயிற்றின் கீழே நீளமாகத் தோல் மடிப்பு தொங்கும். பிடரி குறைவு, காது நன்றாகத் தெரியும். பகலில் விலங்குத் தோட்டத்தில் மீசைப் புள்ளியை வரைந்து பாருங்கள், இரவில் மின்னல் விளக்கு போட்டு எவரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

இன்னொரு பயிற்சி நம் நீர்நாய்கள். பிஷான் குடும்பமும் மரீனா குடும்பமும் இடத்துக்காக மோதிக்கொண்டதை நம்மவர்கள் ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கிறோம். சிங்கப்பூரர்கள் அந்தக் குடும்பங்களைத் தழும்பை வைத்து அடையாளம் கண்டு, எங்கே தங்குகின்றன, எந்தக் கால்வாய்வழி போகின்றன என்று தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். சிங்கத்தைத் தொடர்பவர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். வார இறுதியில் காலாங் ஆற்றோரம் இரண்டு மணி நேரம் நின்று எழுதிப் பழகினால், ஆப்பிரிக்கா போகும்போது கை தானாக எழுதும்.

நான் எடுத்த சிங்கப் படத்தை உடனே இணையத்தில் போடலாமா?

படத்தைப் போடலாம், இடத்தைப் போடாதீர்கள். கைப்பேசி படத்துக்குள் இடக்குறியீட்டைச் சேமித்துவைக்கும், அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். ‘இன்று காலை இந்த ஓடையருகே’ என்று எழுதாமல் சில வாரம் கழித்துக் காப்பகத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும். சிங்க எலும்புக்கு ஆசியாவில் சந்தை இருக்கிறது, புலி எலும்புக்குப் பதிலாக விற்கிறார்கள். மாட்டை இழந்தவர் நஞ்சு வைப்பதும் நடக்கிறது. 2015 டிசம்பரில் கென்யாவின் மாசாய் மாராவில் மார்ஷ் என்ற சிங்கக் குடும்பத்துக்கு அப்படி நஞ்சு வைத்ததில், உலகறிந்த முதிய பெண் சிங்கம் பிபி இறந்தது. சிங்கங்களின் தினசரி வழியை அறிந்தவர் அதை வெளியே சொல்லாமல் காக்க வேண்டும்.

நேரில் போக விரும்பினால்?

சிங்கப்பூரிலிருந்து ஜோகனஸ்பர்க்குக்கு நேரடி விமானம் உண்டு. கிர் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும், ஜூன் பள்ளி விடுமுறையில் திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கென்யா, உகாண்டா போய்த் திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை இங்கே கேட்பார்கள், முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கக் குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாம் என்று அழைக்கும் இடங்களுக்கு மட்டும் போகவே போகாதீர்கள். தாயிடமிருந்து பிரித்து வளர்த்த அந்தக் குட்டிகளில் பல, வளர்ந்தபின் வேலிக்குள் வேட்டைக்கு விற்கப்படுகின்றன. அப்படிப்பட்ட குட்டியைக் காட்டில் விடவும் முடியாது.

இருப்பதிலேயே சிறந்த கூட்டணி எது?

மாராவில் ஸ்கார், மொரானி, சிக்கியோ, ஹண்டர் என்ற நால்வர் இருந்தார்கள். வலக் கண்ணில் காயத்தோடு உலகப் புகழ் பெற்ற ஸ்கார் 2021 ஜூனில், சுமார் 14 வயதில், இயற்கையாக இறந்தது. காட்டில் ஓர் ஆண் அந்த வயதைத் தொடுவது அபூர்வம். நால்வர் நெடுங்காலம் நின்றதால் அவர்களுடைய குட்டிகள் பல வளர்ந்து வெளியேறின. என் அளவுகோலில் அவர்களுக்கு உயர்ந்த இடம்.

இருவர் கூட்டணியில் உகாண்டாவின் ஜேக்கப், திபு. ஜேக்கபுக்கு மூன்று கால்தான், நான்காவதைக் கள்ளவேட்டைக்காரர் பொறியில் இழந்தது. 2024இல் இரண்டும் இரவில் கசிங்கா கால்வாயை நீந்திக் கடந்தன, ஒரு கிலோமீட்டருக்கு மேல், முதலையும் நீர்யானையும் உள்ள தண்ணீரில். வெப்பப்படக் கேமரா பொருத்திய டிரோன் அதைப் பதிவு செய்தது. சில மணி நேரம் முன்புதான் மற்ற ஆண்களிடம் அவை தோற்றிருந்தன. பெண்கள் குறைந்துபோன அந்தப் பகுதியில் பெண்களைத் தேடிப் போயின என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஓர் ஆணைப் பல மாதமாகக் காணவில்லை. இறந்துவிட்டதாக எழுதலாமா?

எழுதக் கூடாது. ‘கடைசியாகப் பார்த்தது’ என்று போட்டுத் தேதி, இடம், உடன் யார் என்று எழுதுங்கள். உடலைக் கண்டவர் மீசைப் புள்ளியை ஒப்பிட்டுச் சொன்னால் மட்டும் ‘இறந்தது’. வெளியேற்றப்பட்ட முதிய ஆண்கள் சில மாதம் கழித்து அடுத்த காப்பகத்தில் தென்பட்டிருக்கிறார்கள். ஆண் காணாமல் போனதை வைத்து அதன் குட்டிகளின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் அந்தக் குட்டிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மட்டும் எண்ணி, அதே பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.